பரவாயில்லைக்குத் தடை

புதுக்குடியிருப்பில் நானும் அக்காவும் பங்கு போட்டிருந்த கடைக்குள் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. சுவரில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் கதிரையை விட்டு இலேசில் எழும்பிப் போக முடியாது. கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. 'பரவாயில்லை' என்பதுதான்.

"எப்பிடியம்மா, மகன்ர கொம்பியூட்டர் வேலை செய்யுதோ?"

"ஓம் பிள்ளை, பரவாயில்லை."

அவ்வளவுதான். அக்காவின் கையிலிருந்த, ஆணி முறுக்கும் திருப்புளி மேசையில் இறங்கிவிடும்.

"பரவாயில்லை எண்டால் என்ன பரவாயில்லை? நல்லாயிருக்கு எண்டு பரவாயில்லையோ? நல்லாயில்லை, ஆனால் சகிச்சுக்கொண்டு போறன் எண்டு பரவாயில்லையோ? இல்லாட்டி இவளோட கதைச்சு வேலையில்லை எண்டு பரவாயில்லையோ? மூண்டில எது?"

மரக்கறி வாங்க வந்த வழியில் சும்மா எட்டிப் பார்த்த மனுசி பாவம், பையையும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் தையல் மெசினில் குனிந்துகொள்வேன். எனக்கு அதில் உதவி செய்ய வழியில்லை.

நான் தையல்காரி. ஒரே அறையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தோம். வாசலுக்கு இடது பக்கம் நான், வலது பக்கம் அக்கா. என்னிலும் மூத்தவர் என்றுதான் அக்கா, கூடப்பிறந்தவர் இல்லை. மின்விசிறி ஒன்றுதான். அது பலகைக்கு நேர் மேலே சுற்றி இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகக் காற்றுத் தந்தது. அக்கா கணினி பூட்டிக் கொடுப்பவர். கொழும்பிலிருந்து பாகங்களை எடுத்து, கேட்டவருக்குக் கேட்டபடி பூட்டுவார். நான் ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டு கதைப்பேன், அவர் குட்டி ஆணிகளை உதட்டில் வைத்துக்கொண்டு கதைப்பார். கூட்டுறவுச் சங்கத்து மனேஜர் ஒருநாள் வாசலில் நின்று, "இந்தக் கடையில வாயைத் திறந்து கதைக்கிற ஆக்களே இல்லையோ?" என்று கேட்டார். அக்கா ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு, "நாங்கள் மூடி வைச்சிருந்தால்தான் ஐயா நீங்கள் திறப்பீங்கள். கதிரையில இருங்கோ" என்றார். அவர் இருந்தார். எழும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

அக்காவின் அப்பா அம்மா மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் பிறந்தது இங்கேதான், பேச்சும் எங்களுடைய பேச்சுத்தான். கோபம் வந்தால் மட்டும் அவருடைய அம்மாவின் பேச்சு எங்கிருந்தோ எட்டிப் பார்க்கும். "என்னாங்க இது?" என்று அவர் தொடங்கினால் நான் விளங்கிக்கொள்வேன், யாருக்கோ இன்றைக்கு விடுதலை இல்லை என்று. பிளேன்ரீயை வாயில் ஊற்றி, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிப்பார். அந்தக் கையைத் துடைக்காமல் எதையும் தொடமாட்டார். "சீனி போனால் எறும்பு போகும், எறும்பு போனால் கரண்ட் போகும்" என்பார். இப்போது அவர் என் பக்கத்தில் இல்லை. கலியாணம் முடித்துப் பூவரசங்குளத்துக்குப் போய்விட்டார். ஆனால் இன்றைக்கும் யாராவது நான் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்து 'பரவாயில்லை' என்றால் எனக்குக் கை நின்றுவிடுகிறது. எந்தப் பரவாயில்லை என்று கேட்காமல் ஊசியைக் குத்த முடியவில்லை.

ஆரம்பத்தில் அவர் இப்படி ஆளுக்கு ஆள் கேட்டுப் பூட்டுகிறவர் இல்லை. மற்றக் கம்பனிக்காரரைப் போலவே, முன்கூட்டியே பூட்டி அடுக்கி வைத்தார். முல்லைத்தீவில் ஒரு போன் கடை, ஒட்டுசுட்டானில் ஒரு புத்தகக் கடை, மாங்குளத்தில் இன்னொன்று என்று கொண்டுபோய் வைத்தார். ஒப்பந்தம் வாய்க் கதைதான்: வித்தால் காசு, விக்காட்டில் பெட்டி. விற்காததைத் திருப்பி எடுப்பார் என்று தெரிந்ததும் கடைக்காரர்களுக்குப் பயம் விட்டுப் போயிற்று. ஒன்று போதும் என்ற இடத்தில் நாலு கேட்டார்கள். நாலு போதும் என்ற இடத்தில், "இடம் கிடக்குத்தானே, பத்தா அனுப்புங்கோ" என்றார்கள். அக்காவுக்குப் பெரிய சந்தோசம். பத்துக் கேட்டால் பத்துப் பேர் வாங்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கியது. கடைக்காரரின் பிள்ளைகள் விளையாடித் தேய்த்தது ஒன்று. வெயிலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று மஞ்சளாய்ப் போனது ஒன்று. மாங்குளத்திலிருந்து வந்ததைப் பிரித்தபோது மேல்தகட்டில் சந்தனப் பொட்டும் குங்குமமும் இருந்தன. பிள்ளையார் படம் வைக்க நல்ல உயரமாய் இருந்ததாம்.

"நல்ல ராசியான பெட்டி பிள்ளை, அது நிண்ட நாளில கடையில நல்ல யாவாரம்" என்று கொண்டுவந்து இறக்கிய கடைக்காரர் சொன்னார்.

"பெட்டி வித்ததோ ஐயா?"

"பெட்டி விக்கேல்லைத்தான். கொப்பியள் நல்லாப் போச்சுது."

எங்களுக்குச் சிரிப்பு. ஆனால் அக்காவுக்கு அது சிரிக்கிற காரியம் இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வரும் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சின்ன முத்திரை ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தால் அனுப்பியவர்கள் திருப்பி எடுக்கமாட்டார்கள். கிழிக்காமல் பூட்டவும் முடியாது. ஆகக் கீழேயிருந்து எல்லாம் திரும்பி வரும், மேலே ஒன்றும் திரும்பிப் போகாது. நடுவில் அக்கா நின்றார்.

அவருடைய அண்ணர் நெளுக்குளத்தில் இருக்கிறார். வவுனியா நகரத்தில் ஒரு பெரிய சோரூமில் மேற்பார்வை வேலை. தங்கச்சியில் உயிர். அவர் வந்து, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எங்கட சோரூமில விக்காமல் நிண்டதைக் கம்பனி லொறி வந்து ஏத்திக்கொண்டு போகும். கம்பனி பெரிசு, அது தாங்கும். இஞ்ச நீதான் கம்பனி, நீதான் லொறி, நீதான் ஏத்தி இறக்கிற ஆளும். உனக்கு ஏன் இந்த விளையாட்டு?"

அன்றிலிருந்துதான் அக்கா மாறினார். ஒரு பெட்டியும் முன்கூட்டிப் பூட்டுவதில்லை. "ஆளின்ர பேர் தெரியாமல் ஒரு ஆணி முறுக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டார். ஓடர் கொடுக்க வருபவரைக் கதிரையில் இருத்தி, கலியாணத் தரகரைப் போல விசாரிப்பார். ஆர் பாவிக்கப்போகினம், எந்த அறை, வீட்டில ஆருக்குக் கண் தெரியாது, படம் பாப்பீங்களோ, கணக்குச் செய்வீங்களோ. வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் வந்து, "இருக்கிறதில பெரிசாப் பூட்டு பிள்ளை" என்றார். ஏன் பெரிது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பெரிதாக ஒன்று வாங்கிவிட்டார் என்பதை அக்கா பிடுங்கி எடுத்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகம் பார்ப்பதுதான் கமக்காரருக்கு வேலை. பெரிய கூடொன்றுக்குள் சின்னதாய், மலிவாய் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். "வெளியில உங்கட அயலுக்கு, உள்ளுக்க உங்களுக்கு" என்றார். மனுசன் இரண்டு பக்கத்தாலும் சந்தோசமாகப் போனார்.

ஆனால் இப்படி ஆளுக்கென்று அளவெடுத்துப் பூட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் தைக்கிற சட்டை மாதிரித்தான். திரும்பி வந்தால் இன்னொருவருக்குப் பொருந்தாது. மற்ற யாராக இருந்தாலும், விற்றது விற்றதுதான் என்று பலகை எழுதி மாட்டியிருப்பார்கள். அக்கா மாட்டவில்லை. மாட்டாதது மட்டுமில்லை, திரும்பி வராத பெட்டியைத் தேடிப் போனார்.

எங்களுடைய சனத்தை அவருக்குத் தெரியும். வாங்கிய சாமானைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்களுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டுப் பின்வாங்குவதைப் போல. பழுதாய்ப் போன காற்றாடியைக் கூடக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கடைக்காரரைக் கண்டால் சிரித்துக்கொண்டு போவோம். அவருக்கு மனம் நோகக் கூடாது. "குறை சொல்ல வாற ஆளைப் பற்றி எனக்குப் பயமில்லை. அந்தாள் கடைக்கு வருது. குறையை வைச்சுக்கொண்டு வீட்டில இருக்கிற ஆள்தான் எனக்குப் பயம்" என்பார் அக்கா.

அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு ஒற்றர் கிடைத்தார். அது நான். எங்கள் ஊரில் பாவிக்கிற கணினியை யாரும் மூடி வைப்பதில்லை. பாவிக்காததுக்குத்தான் உறை வேண்டும், ஓரத்தில் பூப்போட்ட நாடா வேண்டும், மேலே ஒரு பூச்சாடி வேண்டும். உறை தைக்க என்னிடம் வருவார்கள். அளவைச் சொன்னவுடனேயே பலகைக்கு அந்தப் பக்கத்தில் சத்தம் நின்றுவிடும்.

"தையல்காரி, ஆருக்கு உறை?"

"ஓய்வெடுத்த மிசிக்கு அக்கா. ஆஸ்பத்திரியில தாதியா இருந்தவா."

"நாடாவும் கேட்டவாவோ?"

"ஓம், நீல நாடா."

"நாடாவும் எண்டால் முடிஞ்சுது" என்று அக்கா எழும்பிச் செருப்பைப் போடுவார். வழியில் வந்தவர் மாதிரி மிசி வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, பேச்சுவாக்கில் எழுத்து மிகச் சின்னதாகத் தெரிகிறது என்பதை அறிந்து, திரையைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வருவார். இரண்டு நாளில் பெரிய திரை போகும். மிசி என்னிடம் வந்து, "நான் ஒரு குறையும் சொல்லேல்லை பிள்ளை, அவா எப்பிடிக் கண்டுபிடிச்சவா?" என்று கேட்டார். நான் அவருடைய நீல நாடாவை மேசை லாச்சிக்குள் தள்ளிக்கொண்டு சிரித்தேன்.

இந்தப் பழக்கம்தான் ஒருமுறை கடையையே கொண்டுபோகப் பார்த்தது.

திரும்பி வந்த பெட்டிகளால் பட்ட அடி ஆறுவதற்குள் அண்ணர் இன்னொருமுறை வந்தார். சோரூமில் ஒரு இடம் காலியாம். மாதச் சம்பளம், மேசை, குளிர்காற்று. தங்கச்சி வந்தால் போதும்.

"பூட்டுறது எண்டால் ஆணி பூட்டுறது மட்டும் இல்லை தங்கச்சி, கதவு பூட்டுறதும்தான். எப்ப பூட்டவேணுமெண்டு தெரியவேணும்."

"கையில ஒரு பெரிய ஓடர் இருக்கு அண்ணா. ரியூசன் சேர் எட்டுக் கேட்டிருக்கிறார்."

"சரி. அது ஒழுங்காப் போனால் நான் வாய் திறக்கமாட்டன். அதுவும் திரும்பி வந்தால், கடையைப் பூட்டிப்போட்டு வவுனியாவுக்கு வாறாய். ஓம் எண்டு சொல்லு."

அக்கா ஆணிகளை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, தெளிவாக, "ஓம்" என்றார்.

ரியூசன் சேரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய குடும்பம் குடியேற்றத் திட்டத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அவ்வளவு பண்பான மனிதரை நான் கண்டதில்லை. பாம்பு கடித்தாலும், பாம்புக்கு மனம் நோகாமல் காலை எடுக்கக்கூடியவர். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டிலில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்க நினைத்திருந்தார். அக்கா அவரைக் கதிரையில் இருத்திக் கேட்காத கேள்வி இல்லை. வெயில் எந்தப் பக்கத்தால விழும்? ஒரு மேசைக்கு எத்தனை பிள்ளையள்? சின்னப் பிள்ளையளோ, வளந்ததுகளோ? எல்லாவற்றுக்கும் சேர் தலையை ஆட்டினார். "உங்களுக்குத் தெரியாததே பிள்ளை? உங்களுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி."

"எனக்குச் சரி எண்டால் நான் வீட்டை கொண்டுபோவன் சேர். உங்களுக்கு எது சரி?"

"அதுதான் சொல்லுறன், நீங்கள் செய்தால் சரியாத்தான் இருக்கும்."

அக்கா பெருமூச்சு விட்டார். தன்னால் இயன்றதை ஊகித்துப் பூட்டினார். எட்டும் போனது. சேர் கையெடுத்துக் கும்பிடாத குறை. அண்ணர் போனில், "நல்லது" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

சில கிழமைகள் போயின. அக்கா பார்சல் எடுக்க பஸ் நிலையத்துக்குப் போயிருந்த நேரம் சேர் என் பக்கம் வந்தார். தயங்கித் தயங்கி நின்றார். பிறகு மெல்ல, "பிள்ளை, கொம்பியூட்டருக்கு உறை தைப்பீங்களோ? எட்டு" என்றார்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "நாடா வேணுமோ சேர்?" என்று கேட்டேன்.

"வைச்சால் வடிவாத்தானே இருக்கும்."

அக்கா வந்ததும் சொல்லலாமா விடலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால் கடை தப்பும். சேர் சாகும்வரை வாய் திறக்கமாட்டார். ஆனால் என் முகத்தில் எதுவும் தங்காது. அக்கா பார்சலை இறக்கி வைத்துவிட்டு, "ஆர் வந்தது?" என்றார். நான் சொன்னேன். அவர் பார்சலைப் பிரிக்கவில்லை. "வா" என்று ஸ்கூட்டரை எடுத்தார்.

நாங்கள் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எட்டுத் திரையும் ஒளிர்ந்தன. பிள்ளைகள் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை.

"எப்பிடி சேர் போகுது?"

"பரவாயில்லை பிள்ளை, பரவாயில்லை."

இரண்டு தரம் சொன்னார். அக்கா வாசலிலேயே ஒரு வாங்கை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு உறுமல் கேட்டது. நெல் குத்தும் மில். பட்டி சுழலத் தொடங்கும் முதல் சத்தம்தான். அதைக் கேட்டதும் எட்டுப் பிள்ளைகளும், தலையைக் கூட நிமிர்த்தாமல், ஒரே நேரத்தில் இரண்டு விசைகளை அழுத்தினார்கள். பூசைக்கு மணி அடித்தால் கை கூப்புவது போல. அழுத்தி முடிக்கவும் எட்டுத் திரையும் பொக்கென்று அணைந்தன. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள். மறுபடியும் போட்டார்கள். மில் இன்னொரு தரம் இழுத்தது. மறுபடியும் அணைந்தது.

"இதால பிள்ளையளுக்கு ஒரு நல்ல பழக்கம் வந்திருக்கு" என்றார் சேர். "செய்யச் செய்யச் சேமிச்சு வைக்கிறது. வேற வகுப்புப் பிள்ளையளிட்ட இது இல்லை."

"என்னாங்க சேர் இது!" என்றார் அக்கா.

நான் வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்தேன்.

விசயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மில் ஓடத் தொடங்கினால் அந்தப் பக்கத்து மின்சாரம் தாழ்ந்துபோகும். அக்கா பூட்டியவை அந்தத் தாழ்வைத் தாங்குகிற வகை இல்லை. மில் ஓடும் நாட்களில் எட்டையும் உறை போட்டு மூடிவிட்டுக் கரும்பலகையில் படிப்பிக்கலாம் என்று சேர் முடிவெடுத்திருக்கிறார். மில்காரர் அவருடைய மனைவியின் தமையன். அவரிடம் சொன்னால் குடும்பத்துக்குள் கதை வரும். அக்காவிடம் சொல்லலாமென்றால், இந்த ஓடரில்தான் கடை நிற்கிறது என்று ஊருக்குள் கதை.

"எட்டையும் திருப்பித் தந்தால் நீங்கள் என்ன செய்வீங்கள் பிள்ளை? எனக்கு மனம் வரேல்லை."

கடைக்குள் வந்ததும் நான்தான் தொடங்கினேன்.

"அக்கா, சேர் தாறன் எண்டு சொல்லேல்லை. நீங்கள் பேசாமல் விட்டால் ஓடர் திரும்பி வந்ததாகவே கணக்கில்லை. அண்ணருக்கும் தெரியவராது. ஒரு பற்றரிப் பெட்டியை வைச்சு ஏதாவது சமாளிக்கலாம்தானே."

"சமாளிக்கலாம். சேர் அதுக்கும் பரவாயில்லை எண்டுதான் சொல்லுவார்." உள்ளங்கைச் சீனியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அது திரும்பி வந்திட்டுது தையல்காரி. உறைக்கு அளவு குடுத்த அண்டைக்கே வந்திட்டுது. பெட்டி மட்டும்தான் அங்க நிக்குது."

அடுத்த நாள் காலை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய் எட்டையும் ஏற்றினார். சேர் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் வந்து, "வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும் பிள்ளை" என்று கெஞ்சினார். சாமானைக் கொண்டுபோக வேண்டாம் என்று வாங்கியவர் கெஞ்சியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"சேர், நான் பூட்டினது உங்கட வகுப்புக்கு இல்லை. பக்கத்தில மில் இல்லாத ஒரு வகுப்புக்கு. வெயிலைக் கேட்டன், மேசையைக் கேட்டன், வேலிக்கு அங்கால ஆர் எண்டு கேக்கேல்லை. பிழை என்ர. உங்கட காசு நாளைக்கு வரும்."

லாண்ட்மாஸ்டர் டக்டக்கென்று றோட்டால் போனது. சேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் பின்னாலேயே நடந்து வந்தார்.

எட்டுப் பெட்டியும் இறங்கியபோது இடம் போதாமல் இரண்டு என் பக்கத்துக்கு வந்தன. பின்னேரம் அக்கா அண்ணருக்கு எடுத்தார். இந்தப் பக்கத்துக் கதை மட்டும் எனக்குக் கேட்டது.

"ஓம் அண்ணா. எட்டும்... இல்லை, அவர் திருப்பித் தரேல்லை, நான்தான் எடுத்துக்கொண்டு வந்தனான்... ஓம், விசர்தான்... சொன்னனான்தான். இல்லையெண்டு சொல்லேல்லையே... சரி, நாளைக்கு எடுங்கோ. எப்ப வாறதெண்டு சொல்லுறன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அழுகிற முகமாக இருக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சோரூமில என்னைக் கதிரையில இருத்தி வைப்பினம்" என்றார். "வாற ஆக்கள் நிண்டுகொண்டு கேப்பினம். எல்லாம் மாறி நடக்கப்போகுது." நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கழுத்து கோணிப்போனது. பிரித்துத் தைத்தேன்.

மறுநாள் நான் கடை திறக்கும்போதே ஒரு பெரிய மனிதர் வாசலில் நின்றார். தோளெல்லாம் தவிட்டுத் தூசி. அவருக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் பிழை செய்த பிள்ளை மாதிரிச் சேர்.

"இஞ்ச கொம்பியூட்டர் பூட்டுற பிள்ளை ஆர்?" என்று பெரியவர் சத்தம் போட்டார்.

அக்கா எழும்பினார்.

"லாண்ட்மாஸ்டரில எட்டுப் பெட்டியும் போகுது, பின்னால என்ர மச்சான் போறார். செத்த வீடு மாதிரி! என்னெண்டு கேட்டால் ஒண்டுமில்லையாம். ராத்திரி என்ர தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும், என்ர மில்லாலதான் எண்டு." சேரின் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மனுசா! பிள்ளையளின்ர வகுப்பு முடிய நான் மில்லைப் போடுறன். நெல்லு கோவிக்குமோ?"

"உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமெண்டு..."

"இடைஞ்சல்! இத்தினை கிழமையா என்ர மருமக்கள் இருட்டைப் பாத்துப் படிக்குதுகள், அது எனக்கு இடைஞ்சல் இல்லையோ?" பிறகு அக்காவிடம், கொஞ்சம் தணிந்து, "பிள்ளை, அந்த எட்டும்தான் இவருக்கு வேணும். திருப்பிக் குடுங்கோ. மில்லை நான் பாக்கிறன்" என்றார்.

நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா 'சரி' என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. எட்டும் அப்படியே ஏறும், கடை தப்பும். அக்கா சேரைப் பார்த்தார்.

"மில் மட்டும்தானோ சேர்?"

சேர் மச்சானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மில்தான். மற்றதெல்லாம் பர..."

அக்காவின் புருவம் ஏறியது. சேர் வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதர் உள்ளுக்குள் எதையோ தூக்கிப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது.

"மற்றது... அந்தப் பெட்டியளின்ர விசிறிச் சத்தம். எட்டும் ஒண்டா இரையேக்கை பின் வாங்கில இருக்கிற பிள்ளையளுக்கு என்ர குரல் போகுதில்லை. கத்திக் கத்தித் தொண்டை போச்சுது."

"ஓ." அக்கா கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தார். "இருங்கோ சேர். பிறகு?"

"பெட்டி காலடியில நிக்கிறதால பிள்ளையள் உதைக்குதுகள். அது... அது எனக்குப் பிடிக்கேல்லை."

பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். யாரும் செத்துப் போகவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்தார்.

"பிறகு?"

"தமிழ் எழுத்து ஒட்டினது அழிஞ்சுபோச்சு. 'ந' எங்கயெண்டு தேடுறதிலயே பாதி நேரம். மூலையில நிக்கிறதில வெயில் விழுந்து ஒண்டும் தெரியாது. நீங்கள் கேட்டனீங்கள்தான், நான் விழாது எண்டு சொன்னனான். அது விழும்!"

"பாருங்கோவன்!" என்றார் மில்காரர், பெருமையாக.

"கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ பிள்ளை, அந்த மௌஸ் ஏன் இவ்வளவு சின்னன்?"

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கச்சேரி கேட்பவர் மாதிரிக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக, "ம்... ம்... பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எட்டையும் பிரித்து இதற்கேற்றபடி பூட்டித் தரச் சொன்னார் சேர். எப்போது கிடைக்கும் என்றும் கேட்டார். அதை அவர் கொஞ்சம் அதட்டலாகக் கூடக் கேட்டார். நான் மெசினைச் சுற்றுவதை விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மேசையில் போன் அடித்தது. வவுனியா அண்ணர். அக்கா எடுத்துக் காதில் வைத்தார். கண் சேரை விட்டு அகலவில்லை.

"அண்ணா, பிறகு எடுங்கோ. கடையில ஆள் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறார்."